377ஏ: பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்

நம் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் இருக்கும் ஒரு தங்கை கேட்ட கேள்வி இது. அவருடைய அக்காள் மகன் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். போன மாதம் போன் போட்டு, "சித்தி, எனக்குப் பெண் பார்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நான் ஒருவரோடு இருக்கிறேன், அவரும் ஆண்தான்" என்று சொல்லிவிட்டானாம். தீபாவளிக்கு இருவரும் சேர்ந்து வருகிறார்கள். தங்கைக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் கேட்பது: "சிங்கப்பூரில் 377ஏ சட்டத்தை எடுத்துவிட்டார்களே, நமக்கும் அதே 377ஏதானே, அப்படியானால் இங்கேயும் போய்விட்டதா? இவர்கள் வந்தால் போலீஸ் பிடிக்குமா? மற்ற நாடுகளில் எப்படி வைத்திருக்கிறார்கள்?"

நான் லோயர் இல்லை. பேராக்கில் 31 வருஷம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன். மலாயிலும் ஆங்கிலத்திலும் வாசிக்கிற குற்றச்சாட்டைக் கூண்டில் நிற்கிறவருக்குத் தமிழில் சொல்வதும், அவர் சொல்வதைத் திருப்பிச் சொல்வதும் என் வேலை. அதனால் சட்டத்தை வார்த்தை வார்த்தையாகப் பார்த்துப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தில்தான் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த எண். இல்லை தங்கை, இங்கே போகவில்லை. எண் ஒன்றுதான், சட்டம் வேறு. சிங்கப்பூர் தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு, 1938-ல் வெள்ளைக்காரன் சேர்த்தது. ஆணும் ஆணும் 'அநாகரிகச் செயலில்' ஈடுபட்டால் 2 ஆண்டு வரை சிறை என்றது. அதற்கும் முந்திய பழைய 377-ஐ அவர்கள் 2007-லேயே எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்த இதை 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் நீக்கினார்கள், 2023 ஜனவரி 3 முதல் அது இல்லை. அதே கையோடு அரசியலமைப்பையும் திருத்தி, திருமணம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் என்ற விளக்கத்தை நீதிமன்றத்தில் போய் யாரும் அசைக்க முடியாதபடி பூட்டுப் போட்டார்கள். ஆக அங்கே அவன் குற்றவாளி இல்லை. கணவனும் இல்லை.

நம்முடைய 377ஏ, எது 'இயற்கை முறைக்கு மாறான உடலுறவு' என்பதை விளக்கும் பிரிவு. தண்டனை அடுத்த பிரிவான 377பி-யில் இருக்கிறது: 20 ஆண்டு வரை சிறை, கூடவே ரோத்தான், அதாவது பிரம்படி. சம்மதம் இருந்தாலும் குற்றம். இன்னொன்று, பலருக்கு இது தெரியாது: அந்த விளக்கத்தில் 'ஆணும் ஆணும்' என்று இல்லை. எந்தச் செயல் என்பதைத்தான் சொல்கிறது: வாய் வழியோ ஆசனவாய் வழியோ கொள்ளும் உறவு. தாலி கட்டிய புருஷன் பெண்டாட்டியே ஆனாலும் எழுத்துப்படி அந்தச் செயல் குற்றம். கல்யாண மண்டபத்தில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். சிங்கப்பூர் எடுத்த பிரிவுக்கு நம் சட்டத்தில் சொந்தக்காரன் என்றால் அது 377டி. அதற்கு 2 ஆண்டு வரை. அதுவும் இன்னும் இருக்கிறது.

இந்த எண் நம் நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததற்குக் காரணம் அன்வார் இப்ராஹிம் வழக்குகள். 2000-ல் தண்டனை, 2004-ல் நம் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதைத் தள்ளியது. மறுபடி இன்னொரு வழக்கு, 2015-ல் 5 ஆண்டு சிறை, 2018 மே மாதம் மாமன்னரின் முழு மன்னிப்பு, 2022-ல் பிரதமர். ஆரம்பம் முதல் அவர் மறுத்தே வந்தார், அரசியல் சதி என்றார். அந்த வழக்குகளைப் பார்த்துதான் நம் ஆட்கள் 377 என்றால் ஏதோ பெரிய மனிதர்களுக்கான விவகாரம் என்று நினைத்துவிட்டார்கள்.

சரி, இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது? நாம் வந்த வழியில்தான் வந்தது. என் பாட்டன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 377-ஐயும் சேர்த்து மெக்காலே என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிவைத்த இந்தியத் தண்டனைச் சட்டம் அதே கடலைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் 1860-ல் நிறைவேறி 1862-ல் நடைமுறைக்கு வந்தது. 1872-ல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கு அதன் நகல். பிறகு மலாய் மாநிலங்களுக்கு. இலங்கைக்கு 1883-ல் எண் மட்டும் மாறி 365 ஆனது. வெள்ளைக்காரன் தன் ஊரில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும், 21 வயது தாண்டிய இருவர் தனியிடத்தில் இருந்தால் குற்றமில்லை என்று 1967-ல் மாற்றிக்கொண்டான். நாம் சுதந்திரம் வாங்கி அப்போது பத்து வருஷம் ஆகியிருந்தது. மாற்றம் அவன் வீட்டோடு நின்றுவிட்டது.

பிரெஞ்சுக்காரன் கதை வேறு. புரட்சிக்குப் பிறகு 1791-லேயே இந்தக் குற்றத்தைச் சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டான். அதனால் அவன் ஆண்ட வியட்நாம், லாவோஸ், கம்போடியாவில் இப்படி ஒரு பிரிவே முளைக்கவில்லை. 'ஆசியப் பண்பாடு இதை ஏற்காது' என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வரைபடத்தை ஒரு தடவை பார்க்கலாம். ஆசியாவில் 377 இருந்த இடமெல்லாம் யார் கொடி பறந்தது என்று சொல்லிவிடும்.

மெக்காலே காலத்துச் சட்டத்திலேயே இன்னொரு வேடிக்கையும் இருந்தது. குற்றம் சாட்டிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறிப்பவனுக்கான பிரிவு 388. பொதுவாக 10 ஆண்டு வரை சிறை. ஆனால் 377-ஐச் சொல்லி மிரட்டினால் ஆயுள் வரை போகலாம் என்று தனியாக எழுதிவைத்தார்கள். அதாவது, இந்தப் பிரிவு மிரட்டுகிறவன் கையில் கத்தியாகும் என்று எழுதும்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் எழுதினார்கள். நான் கோர்ட்டில் இருந்த காலத்தில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்த இரண்டு பெரியவர்கள் மீது 377 வழக்கு வந்து ஒரு நாளும் மொழிபெயர்த்ததில்லை. ஆனால் அந்தப் பிரிவைச் சொல்லிச் சொல்லியே மாதாமாதம் சம்பளத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டு போனவனைப் பற்றி, புகார் கொடுக்கப் பயந்த ஓர் ஆசிரியர் ஒட்டுக்கடையில் என்னிடம் அழுதிருக்கிறார்.

கோர்ட்டில் நான் பார்த்தது வேறு வழக்கு. தொண்ணூறுகளில், ஊர் பெயர் வேண்டாம், ஒரு காலை. பஸ் நிலையத்தில் இரவு பிடித்த நாலு திருநங்கைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நாலு பேரும் இந்துக்கள்; அதனால் ஷரியா கோர்ட் இல்லை, 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தில் அநாகரிக நடத்தை என்று வழக்கு. அதில் ஒருவர் கோயில் பக்கம் பூ கட்டி விற்கிற அக்கா, எனக்குப் பழக்கம். மலாயில் வாசித்ததை நான் தமிழில் சொன்னேன்: "நேற்று இரவு பொது இடத்தில் அநாகரிகமாக நடந்துகொண்டதாகக் குற்றச்சாட்டு. ஒப்புக்கொள்கிறீர்களா?" அக்கா மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "தம்பி, நான் எங்க நடந்தேன்? பெஞ்சுல உக்காந்துல்ல இருந்தேன்" என்றார். பின்னால் நின்ற மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டியது என் கடமை. மலாயில் சொல்லிப் பார்த்தேன், சிலேடை செத்துப்போய், 'உட்கார்ந்திருந்ததாகச் சொல்கிறார்' என்று மட்டும் வந்தது. அபராதம் சொற்பம்தான். சுருக்குப் பையிலிருந்து கசங்கின நோட்டுகளை எடுத்துக் கட்டிவிட்டு, அன்றைக்குச் சாயங்காலம் பூ விற்கப் போய்விட்டார். அடுத்த மாதம் மறுபடி பிடித்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இந்த விஷயத்தில் சட்டம் என்பது ஒரே ஒரு சட்டம் இல்லை. உடலுறவைக் குற்றம் என்பது ஒன்று. உடுத்துவதையும் நிற்பதையும் குற்றம் என்பது இன்னொன்று. ஐசியில், அதாவது அடையாள அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, கல்யாணத்தைப் பதிவார்களா, வேலையை விட்டுத் துரத்தினால் கேட்க நாதி உண்டா, இதைப் பற்றிப் பேசவாவது விடுவார்களா என்பதெல்லாம் தனித்தனி. ஒரு நாடு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்துக் கதவை ஆணி அடித்து வைத்திருக்கும். 'அந்த நாடு நல்லதா கெட்டதா' என்று கேட்டால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

ஈரானை எடுங்கள். ஆணும் ஆணும் உறவு கொண்டால் மரண தண்டனை வரை போகும். அதே நாட்டில் பால் மாற்று அறுவை சிகிச்சைக்கு அனுமதி உண்டு, கொமெய்னியே எண்பதுகளில் ஃபத்வா கொடுத்திருக்கிறார், ஆவணமும் மாற்றித் தருகிறார்கள். தாய்லாந்தை எடுங்கள். 2025 ஜனவரி 23 முதல் யாரும் யாரையும் திருமணம் செய்யலாம், தென்கிழக்காசியாவில் முதல் நாடு. ஆனால் அங்கே ஒரு திருநங்கைக்கு அடையாள அட்டையில் 'திரு' என்பதை மாற்ற முடியாது. 2024-ல் அதற்கு வந்த மசோதாவை நாடாளுமன்றம் தள்ளிவிட்டது. தாய்லாந்து விளம்பரங்களைப் பார்த்து நாம் நினைப்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! பாகிஸ்தானில் 377 அப்படியே இருக்க, திருநர் உரிமைக்கு 2018-ல் சட்டம் வந்தது. 2023-ல் அங்குள்ள ஷரியா நீதிமன்றம் அதன் சில பகுதிகளை வெட்டியது.

நம் ஐசி விஷயமும் கோர்ட் ஏறியிருக்கிறது. உங்கள் ஐசியைத் திருப்பிப் பாருங்கள்: 12 எண்களில் கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பூக்கார அக்காவுக்கு அது 7. ஒரு வங்கியில் கணக்குத் திறக்கப் போனபோது கவுன்டர் பெண், "இது உங்க தம்பி ஐசியா?" என்று கேட்டாராம். அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் இதை மாற்றக் கேட்டபோது 2005-ல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் சரி என்றது. அதே காலத்தில் அதே கேள்விக்கு ஈப்போ உயர் நீதிமன்றம் முடியாது என்றது. ஒரே நாடு, ஒரே சட்டம், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேர தூரம்.

முஸ்லிம்களுக்கு நம் நாட்டில் இன்னொரு அடுக்கு. மாநிலத்துக்கு மாநிலம் ஷரியா குற்றச் சட்டம் உண்டு. ஆண், பெண்ணின் உடையை உடுத்துவதற்கும், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் உறவு கொள்வதற்கும் தனிப் பிரிவுகள். 2018-ல் திரங்கானுவில் இரண்டு பெண்களுக்குக் கோர்ட்டிலேயே ஆளுக்கு 6 பிரம்படி கொடுத்தார்கள். 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், இயற்கைக்கு மாறான உறவைத் தண்டிக்கும் சிலாங்கூர் மாநில ஷரியா பிரிவு ஒன்றைச் செல்லாது என்றது. காரணத்தைக் கேளுங்கள்: மனித உரிமை என்றெல்லாம் இல்லை. இதே குற்றம் கூட்டரசுச் சட்டத்தில் ஏற்கெனவே 377-ஆக இருக்கிறது, மாநிலம் அதில் கை வைக்க அதிகாரம் இல்லை என்றது. வெள்ளைக்காரன் சட்டம் இருந்ததால்தான் மாநிலச் சட்டம் விழுந்தது. 31 வருஷத்தில் இதைவிட விநோதமான தீர்ப்பை நான் வாசித்ததில்லை.

நம் ஊரை நடுவில் வைத்துச் சுற்றிப் பாருங்கள். வடக்கே காரில் மூன்று மணி நேரம் போனால் தாய்லாந்து எல்லை, அங்கே கல்யாணமே பதியலாம். தெற்கே ஒரு ராத்திரி பஸ், சிங்கப்பூர். குற்றமில்லை, கல்யாணமும் இல்லை. மேற்கே நீரிணையைத் தாண்டினால் ஆச்சே. அங்கே 100 கசையடி வரை, அதுவும் ஊர் கூடிப் பார்க்க. 2017 மே மாதம் இரண்டு இளைஞர்களை அப்படி அடித்தார்கள். அதே இந்தோனேசியாவின் தேசியச் சட்டத்தில் 377 மாதிரி ஒன்று இருந்ததே இல்லை, ஏனென்றால் அங்கே ஆண்டவன் டச்சுக்காரன். 2022-ல் எழுதிய புதுச் சட்டம் திருமணத்துக்கு வெளியே யார் உறவு கொண்டாலும் குற்றம் என்கிறது. புகார் மட்டும் கணவன் மனைவியோ, பெற்றோரோ, பிள்ளைகளோதான் கொடுக்க முடியும். கிழக்கே போர்னியோவில் புருணை. 2019 ஏப்ரலில் கல்லெறிந்து கொல்லும் தண்டனையைக் கொண்டுவந்து, உலகமே சத்தம் போட்டதும் மறு மாதமே மரண தண்டனையை நிறைவேற்ற மாட்டோம் என்று சுல்தான் அறிவித்தார். எழுத்து மட்டும் புத்தகத்தில் இருக்கிறது.

இந்தியாவைப் பற்றி நம் ஆட்கள் பாதிதான் கேள்விப்பட்டிருப்பார்கள், ஏனென்றால் அங்கே ஊஞ்சல் மாதிரி ஆடியது. 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் 377-ஐத் தளர்த்தியது. 2013-ல் உச்ச நீதிமன்றம் திருப்பிப் போட்டது. மறு வருஷமே, 2014 ஏப்ரலில், அதே உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் சேர்ந்து, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு இருந்தால் குற்றமில்லை என்று முடித்தார்கள். 2023 அக்டோபரில் திருமணம் கேட்டுப் போனவர்களிடம், அது எங்கள் வேலை இல்லை, நாடாளுமன்றத்தைக் கேளுங்கள் என்றார்கள். 2024 ஜூலை முதல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 377 என்ற பிரிவே இல்லை. தாயைப் புதைத்தாகிவிட்டது, பிள்ளைகள் இங்கே, இலங்கையில், பாகிஸ்தானில், பங்களாதேஷில் இன்னும் உயிரோடு.

தமிழ்நாடு இதில் கொஞ்சம் தனி. 2008-லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் வைத்தது. 'திருநங்கை' என்ற சொல் அரசு ஆணைகளில் ஏறி, இன்று நம் ஊர்ப் பத்திரிகையிலும் அதுவே ஓடுகிறது. நாங்கள் கோர்ட்டில் சொன்ன சொல்லை இங்கே எழுதக்கூட எனக்குக் கூச்சம். 2019-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் வரும் 'மணமகள்' என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்பளித்தது. ஒரு சொல்லுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று என் மாதிரி ஆட்களுக்குத்தான் தெரியும். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவர்களை 'மாற்றுகிறேன்' என்று வைத்தியம் பண்ணுவதைத் தடை செய்யச் சொன்னார். தீர்ப்பு எழுதும் முன் தனக்கே இதில் விளங்காதது இருக்கிறது என்று சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நீதிபதி ஒருவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இலங்கையில் 1995-ல் திருத்தம் செய்தார்கள். எடுப்பதற்குப் பதில், 'ஆண்' என்று இருந்ததை 'நபர்' என்று மாற்றிப் பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள்! நீக்குவதற்கு வந்த மசோதா அரசியலமைப்புக்கு விரோதமில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, சட்டம் இன்னும் மாறவில்லை. தமிழர்கள் நிறைய இருக்கும் மொரிஷியஸில் அதே 2023-ல் உச்ச நீதிமன்றமே பழைய பிரிவை அடித்துப் போட்டது.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருமணத்தை முதலில் திறந்தது நெதர்லாந்து, 2001 ஏப்ரல் 1. இன்று 35-க்கும் மேற்பட்ட நாடுகள். ஆசியாவில் தைவான் 2019-ல் முதல். 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் உறவே இன்னும் குற்றம். சவூதி, ஏமன், மௌரித்தேனியா மாதிரி சில இடங்களில் சட்டப்படி மரணம் வரை. தென்னாப்பிரிக்கா தன் 1996 அரசியலமைப்பிலேயே பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று எழுதிவிட்டது. அதே கண்டத்தில் உகாண்டா 2023-ல் ஆயுள் தண்டனை, சில நிலைகளில் மரணம் என்று சட்டம் போட்டது. ஈராக்கில் 2024-ல் புதிதாக 10 முதல் 15 ஆண்டு. ரஷ்யாவில் செயலைத் தண்டிக்கும் பிரிவு இல்லை, ஆனால் வாயைத் திறந்தால் போச்சு. 2023-ல் இவர்களுடைய உரிமை இயக்கத்தையே தீவிரவாதம் என்று அறிவித்தார்கள். காலம் போகப் போக எல்லாம் ஒரே திசையில் தளரும் என்று நினைக்காதீர்கள். டிரினிடாட்டில் 2018-ல் ஒரு நீதிபதி தள்ளிவிட்ட சட்டத்தை 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் திரும்ப உயிர்ப்பித்தது.

இனி உங்கள் தீபாவளி. அந்தப் பையன் இப்படிப்பட்டவனாக இருப்பது குற்றம் என்று நம் தண்டனைச் சட்டத்தில் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. சட்டம் பிடிப்பது செயலை, ஆளை அல்ல. இரண்டு பேர் சேர்ந்து வந்து, உங்கள் வீட்டில் பசியாறி, கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்கு எந்தப் போலீஸும் வர வேலை இல்லை. கூட வருகிறவர் முஸ்லிமாக இருந்தால் மட்டும் கணக்கு வேறு, முன்கூட்டியே கேட்டு வையுங்கள். யாராவது தெரிந்துகொண்டு பணம் கேட்டால் ஒரு காசு கொடுக்காதீர்கள். முதல் தடவை கொடுத்தால் அவன் உங்கள் வீட்டுக்கு மாதாந்திர வாடிக்கையாளர். வந்த மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொண்டு லோயரிடம் போங்கள். மிரட்டிப் பணம் பறிப்பது இங்கேயும் குற்றம்தான்.

ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் போலீஸைவிட வேறொன்றுக்குப் பயப்படுவேன். வெளிநாட்டில் எங்கே பதிந்து வந்தாலும் நம் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி இருவரில் ஒருவர் ஆண், ஒருவர் பெண் இல்லையென்றால் அது திருமணமே அல்ல. நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், பத்து வருஷம் கூட இருந்தவர் நம் சட்டத்தின் கண்ணில் அந்நியர். சொத்து அவரைத் தாண்டிக் குடும்பத்துக்குப் போய்விடும். இதற்கு வழி இருக்கிறது, செலவும் அதிகமில்லை. இங்கே அவன் பெயரில் ஊழியர் சேமநிதிப் பணம் இருந்தால், முஸ்லிம் அல்லாதவர் யாரை நியமனதாரராகப் போடுகிறாரோ அவருக்கே பணம் சேரும். யார் பெயர் போட்டிருக்கிறான் என்று பார்க்கச் சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த புதிதில் போட்ட அம்மா பெயர் அப்படியே இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. மற்றதற்கு ஓர் உயில். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து கையெழுத்துப் போட வேண்டும். உயிலில் பங்கு வாங்குகிறவர் சாட்சி போட்டால் அவர் பங்கு போய்விடும், அதனால் அந்தத் தோழர் போடக் கூடாது. உங்களுக்கு அவன் எதுவும் எழுதி வைக்கவில்லை என்றால் ஒரு சாட்சி நீங்கள். இன்னொரு கையெழுத்துக்கு நான் வருகிறேன். தீபாவளிக்கு மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம், எனக்கு அன்றைக்கு வேலை ஒன்றும் இல்லை.